ஃப்ரெடரிக்ஸ்பர்க் உண்மையிலேயே ஜெர்மானியர் ஊர்தானா? பெற்றோரை அழைத்துச் செல்லலாமா?

ஹூஸ்டனில் வசிக்கும் நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு பயணக் கேள்விதான். மே மாதம் ஊரிலிருந்து வரும் பெற்றோரை டெக்சாஸ் ஹில் கன்ட்ரியில் உள்ள ஃப்ரெடரிக்ஸ்பர்க் என்ற சிற்றூருக்கு அழைத்துச் செல்லலாமா, ஒரு நாள் போதுமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, முழங்கால் வலி உள்ள அப்பா என்சான்டட் ராக் பாறையில் ஏற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அது நிஜமாகவே ஜெர்மானியர் உருவாக்கிய ஊரா, அல்லது சுற்றுலாப் பயணிகளுக்காக வேஷம் கட்டிக்கொண்ட கடைத்தெருவா என்று. உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கான விடை தெரிந்துவிட்டால் எத்தனை நாள் தங்குவது, எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பதெல்லாம் தானாகவே முடிவாகிவிடும். நான் பழைய கட்டடங்களைப் பேணிக் காக்கும் துறையில் பயிற்சி பெற்றவன்; பத்தொன்பது ஆண்டுகளாக ஆஸ்டினில் இருக்கிறேன்; ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே அழைத்துச் செல்வது என் வீட்டில் ஏறக்குறைய ஒரு சடங்காகிவிட்டது. அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஊர் நிஜம், மெயின் ஸ்ட்ரீட்டில் உங்கள் கண்ணில் முதலில் படுவதில் பெரும்பகுதி வேஷம். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். பெரும்பாலானோர் சனிக்கிழமை மதியம் போய், அந்தத் தெருவில் இரண்டு மணி நேரம் கடை கடையாக ஏறி இறங்கி, பொரித்த இறைச்சியும் பீரும் சாப்பிட்டுவிட்டு, 'நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஜெர்மனி எங்கே?' என்று கேட்டுக்கொண்டே திரும்புகிறார்கள். அந்த ஜெர்மனி கடை வாசல்களில் இல்லை. பக்கத்துத் தெருக்களின் சுவர்களிலும், ஊருக்கு வெளியே உள்ள பண்ணைகளிலும், தேவாலய முற்றங்களிலும் இருக்கிறது. இந்த ஊரைப் பொறுத்தவரை ஊரும் சுற்றியுள்ள நாட்டுப்புறமும் இரு தனி இடங்கள் அல்ல என்பதுதான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது. வயலில் வாழ்ந்தவர்களின் ஊர் அது. வயலைப் பார்க்காமல் ஊர் புரியாது.

அது எப்படி உருவானது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1842-ல் ஜெர்மானியப் பிரபுக்கள் சிலர் ரைன் நதிக்கரையில் கூடி, டெக்சாஸுக்குக் குடியேற்றக்காரர்களை அனுப்ப ஒரு சங்கம் அமைத்தார்கள். அடெல்ஸ்ஃபெரைன், அதாவது பிரபுக்கள் சங்கம் என்று அதற்குப் பெயர் நிலைத்தது. அச்சங்கத்தின் முதல் பிரதிநிதியான சோல்ம்ஸ்-பிரான்ஃபெல்ஸ் இளவரசர் கார்ல் 1845 மார்ச்சில் நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரை நிறுவினார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற மொய்செபாக், அங்கிருந்து வடமேற்கே மலைப்பகுதிக்குள் ஏறத்தாழ 120 பேரை வண்டிகளில் அனுப்பினார். அவர்கள் 1846 மே 8 அன்று வந்து சேர்ந்த இடம்தான் ஃப்ரெடரிக்ஸ்பர்க். பிரஷ்ய இளவரசர் ஃப்ரீட்ரிக்கின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஊருக்குள் ஒரு மனையும், வெளியே 10 ஏக்கர் விளைநிலமும் கிடைத்தன. சங்கம் நிர்வாகத்தில் படுதோல்வி அடைந்தது; பணம் கரைந்தது; அதே 1846-ல் மெக்சிகோவுடன் போர் மூண்டு, வண்டிகளையெல்லாம் ராணுவம் வாடகைக்கு எடுத்துக்கொள்ள, கப்பலில் வந்து இறங்கிய ஏராளமானோர் கடற்கரையிலேயே சிக்கி நோயில் மடிந்தார்கள். சங்கம் கைவிட்ட பிறகும் ஊர் பிழைத்துக்கொண்டது. அப்படிப் பிழைத்தவர்களின் கைவேலையைத்தான் நீங்கள் பார்க்கப் போகிறீர்கள்.

அந்தக் கைவேலையைப் பார்க்க மெயின் ஸ்ட்ரீட்டிலேயே இருக்கும் பயனியர் மியூசியத்தில் தொடங்குங்கள். அதன் வளாகத்தில் உள்ள கம்லா வீடு 1849-ல் தொடங்கிக் கட்டப்பட்டது. அதன் மூலப்பகுதி 'ஃபாக்வெர்க்' முறையில் அமைந்தது. கனமான மரச்சட்டங்களை நெடுக்கும் குறுக்கும் சாய்வுமாகப் பொருத்தி, முளையடித்து ஒரு கூடு செய்து, சட்டங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைப் பிறகு நிரப்புவதே ஃபாக்வெர்க். பாரத்தைத் தாங்குவது மரம். இடையிலுள்ளது வெறும் நிரப்பு. ஜெர்மனியில் அந்த இடத்தை வரிச்சும் களிமண்ணும் கொண்டோ செங்கல்லைக் கொண்டோ நிரப்புவார்கள். இங்கே வந்தவர்களின் காலடியில் கிடந்தது சுண்ணாம்புக் கல். ஆகவே உடைத்த கல்லையும் மண் சாந்தையும் வைத்து நிரப்பி, மேலே பூசினார்கள். சில ஆண்டுகளில் கல் தாராளமாகக் கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டவர்கள் மரக்கூட்டையே விட்டுவிட்டு முழுக் கல் வீடுகளுக்கு மாறினார்கள். ஊர்க்கோடியில் இருந்து தொடங்கிப் பக்கத்துத் தெருக்களில் நடந்தால் மரக்கட்டை வீடு, ஃபாக்வெர்க், கல் வீடு என்ற வரிசை அடுத்தடுத்த மனைகளில், சில சமயம் ஒரே வீட்டின் அடுத்தடுத்த அறைகளில்கூடத் தெரியும். பழைய அறையை இடிக்காமல் அதை ஒட்டியே புதிய அறை சேர்த்த சிக்கன மனம் அது. கொத்தனார் வேலையில் ஆயுளைக் கழித்த என் மாமனாரை முதன்முறை அங்கே கூட்டிப் போனபோது, கடைத்தெருவில் எதையும் ஏறிட்டுப் பார்க்காதவர், பூச்சு உதிர்ந்த ஒரு சுவரின் முன் நின்று, விரலால் சாந்தைச் சுரண்டிப் பார்த்து, 'சுண்ணாம்பு போதாது, அதனால்தான் கல்லைச் சின்னச் சின்னதா சொருகியிருக்கான்' என்றார். எனக்குப் பாடமாகச் சொல்லித் தந்ததைவிட அது தெளிவாக இருந்தது.

போலியையும் நிஜத்தையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. கறுத்த பலகைகள் சுவரின் பூச்சுக்கு மேலே ஒட்டியதுபோல் ஒரே அகலத்தில், ஒரே இடைவெளியில் இருந்தால் அது அலங்காரம். மரம் கோணலாக, சுவரோடு ஒரே மட்டத்தில் அமிழ்ந்து, மூட்டுகளில் மரமுளையின் தலை தெரிந்தால் அது நிஜம். இன்னொன்று: பெரும்பாலான ஜெர்மானியக் கட்டடங்கள் இங்கே பகட்டில்லாதவை. பூத்தொட்டியும் வண்ணக் கொடியும் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு அந்தக் கடை வயதில் இளையது என்று வைத்துக்கொள்ளலாம். இது அளவுகோல் அல்ல, என் அனுபவத்தில் வந்த கணக்கு. ஊர் நடுவில் மார்க்ட்பிளாட்ஸ் என்ற சந்தைத் திடலில் எட்டுப் பக்கக் கட்டடம் ஒன்று நிற்கும். ஃபெரைன்ஸ்கிர்ஷ என்று பெயர். அதன் முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். 1847-ல் எழுந்த மூலக் கட்டடம் எல்லாச் சபையினருக்கும் பொதுவான தேவாலயமாகவும், பள்ளிக்கூடமாகவும், கூட்ட மண்டபமாகவும், ஆபத்து வந்தால் கோட்டையாகவும் இருந்தது. வடிவத்தைப் பார்த்து அதைக் 'காபி மில்' என்று கேலியாக அழைத்தார்கள். மெயின் ஸ்ட்ரீட்டின் நட்டநடுவில் நின்ற அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இடித்துவிட்டார்கள். இப்போது இருப்பது 1935-ல் எழுப்பிய மறுபடைப்பு. ஆனால் நகல் என்று அதை ஒதுக்கவும் வேண்டாம். இடித்தவர்களின் பிள்ளைகளே மனம் மாறித் திரும்பக் கட்டிய நகல் அது.

பெற்றோருக்கு நிச்சயம் பிடிக்கும் என்று நான் துணிந்து சொல்லக்கூடியவை சண்டே ஹவுஸ் எனப்படும் ஞாயிற்றுக்கிழமை வீடுகள். பண்ணைக் குடும்பங்கள் ஊரிலிருந்து பல மைல் தள்ளி இருந்தன. சனிக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு வந்து சரக்கு விற்று, சாமான் வாங்கி, இரவு தங்கி, மறுநாள் தேவாலயத்துக்குப் போய்விட்டுத் திரும்புவதற்கு ஊருக்குள் சிறிய வீடு ஒன்று கட்டிக்கொண்டார்கள். ஓர் அறை, பின்னால் சாய்ப்பாக ஒரு சமையலறை, மேலே ஒரு பரண். பரணுக்குப் போகும் படி பல வீடுகளில் வெளிச்சுவரில் இருக்கும். பிள்ளைகள் மேலே படுப்பார்கள். வயதான பிறகு பண்ணையை மகனிடம் விட்டுவிட்டு, தேவாலயமும் மருத்துவரும் அருகில் இருக்கட்டும் என்று அதே சின்ன வீட்டுக்குக் குடிவந்த முதியவர்களும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை 1890-களிலிருந்து 1920-கள் வரை எழுந்தவை; காரும் நல்ல சாலையும் வந்ததும் தேவையற்றுப் போயின. மியூசிய வளாகத்தில் 1904-ஐச் சேர்ந்த வெபர் குடும்பத்தின் வீட்டை உள்ளே சென்று பார்க்கலாம். மற்றவை பக்கத்துத் தெருக்களில் இருக்கின்றன. சிலவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், சில தங்கும் விடுதிகளாகிவிட்டன. அடுக்குமாடி ஹோட்டலைவிட அப்படியொரு வீட்டில் இரவு தங்குவதையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் முன்பதிவு செய்யும்போது படுக்கை தரைத்தளத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அந்தப் பரண் படிகள் செங்குத்தானவை. உங்கள் அப்பாவுக்கு ஆகாது.

வழிகாட்டிகள் சொல்லும் கதைகளில் எதை எந்த அளவு நம்புவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெயின் ஸ்ட்ரீட்டை வெட்டும் தெருக்களின் முதலெழுத்துகளை ஆடம்ஸ் தெருவிலிருந்து கிழக்கே வாசித்தால் 'எல்லோரும் வருக' என்றும், மேற்கே வாசித்தால் 'மீண்டும் வருக' என்றும் ஆங்கிலத்தில் பொருள் வரும். இது உண்மை, நடந்தே சரிபார்க்கலாம். ஆனால் ஊரை நிறுவியவர்களே அப்படித் திட்டமிட்டார்கள் என்று சொன்னால் நம்ப வேண்டாம்: அந்த வரிசையில் எடிசன் தெரு இருக்கிறது, எடிசன் பிறந்ததோ ஊர் உருவானதற்கு அடுத்த ஆண்டு. அடுத்தது கொமான்சி பழங்குடியினருடனான உடன்படிக்கை. 1847 மார்ச்சில் மொய்செபாக் சான் சபா ஆற்றுப் பகுதிக்குப் போய் அவர்களுடைய தலைவர்களைச் சந்தித்துப் பேசியதும், மே 9 அன்று ஃப்ரெடரிக்ஸ்பர்க்கில் கையெழுத்தானதும் வரலாறு. 'ஒருபோதும் மீறப்படாத ஒரே உடன்படிக்கை' என்று அதைப் புகழ்வது மிகை கலந்த பெருமை. குடியேறியவர்களுக்கும் கொமான்சிகளுக்கும் இடையே அது ஆண்டுக்கணக்கில் அமைதியைத் தந்தது என்பது சரி; பிற்காலத்தில் அந்த மாவட்டத்தில் தாக்குதல்களும் உயிரிழப்புகளும் நடந்தன என்பதும் சரி; 1870-களில் கொமான்சிகள் அந்த நிலத்திலிருந்து முற்றாக அகற்றப்பட்டார்கள் என்பது அதைவிடச் சரி. மூன்றாவது, ஈஸ்டர் தீ. ஈஸ்டருக்கு முந்தைய இரவு குன்றுகளில் தீ மூட்டும் வழக்கம் இங்கே நெடுங்காலம் இருந்தது. பேச்சுவார்த்தை நடந்த நாட்களில் கொமான்சிகள் மூட்டிய தீயைக் கண்டு பயந்த குழந்தைகளிடம், 'ஈஸ்டர் முயல் முட்டைக்குச் சாயம் காய்ச்சுகிறது' என்று ஒரு தாய் சொன்னதாகக் கதை. வடஜெர்மனியில் ஈஸ்டர் தீ அதற்கு வெகுகாலம் முந்தைய வழக்கம். வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த வழக்கத்துக்கு இங்கே ஒரு புதுக் காரணம் முளைத்தது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

மொழியைப் பற்றி அம்மா கேட்டால்: தெருவில் ஜெர்மன் காதில் விழாது. டெக்சாஸ் ஜெர்மன் என்றே ஒரு வட்டார வழக்கு உருவாகி இருந்தது. விமானத்துக்கு 'காற்றுக்கப்பல்', ஸ்கங்க் என்ற நாற்றமடிக்கும் விலங்குக்கு 'நாற்றப்பூனை' என்றெல்லாம் ஜெர்மன் வேர்களிலிருந்து சொல் கட்டிக்கொண்டார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மன் பேசுவதே சந்தேகத்துக்கு உரியதாகி, பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே என்று சட்டமும் வந்த பிறகு வீழ்ச்சி தொடங்கியது. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக் கூச்சப்பட்ட ஒரு தலைமுறை போதும், ஒரு மொழி அடங்கிப்போக. இன்று முதியவர்கள் சிலரிடம் மட்டுமே மிஞ்சியிருக்கும் அந்தப் பேச்சை ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2001 முதல் ஒலிப்பதிவு செய்து சேமித்து வருகிறது.

சாப்பாட்டில் கவனமாக இருங்கள். இந்த விஷயத்தில் நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். அங்கே ஓர் உணவகத்தில், முட்டைக்கோஸ்தானே என்று சிவப்புக் கோஸ் வதக்கலைச் சைவ விருந்தினர் ஒருவருக்காகச் சொல்லிவிட்டேன். பாதி சாப்பிட்ட பிறகுதான் அது பன்றிக் கொழுப்பில் வதக்கியது என்று பரிமாறியவர் இயல்பாகச் சொன்னார். ஜெர்மன் சமையலில் காய்கறிக்கும் கொழுப்புக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டது. சிவப்புக் கோஸ், புளித்த கோஸ், சூடாகப் பரிமாறும் உருளைக்கிழங்கு சாலட் ஆகிய மூன்றிலும் பன்றி இறைச்சித் துணுக்கோ கொழுப்போ இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்பேட்ஸல என்ற சிறு மாவுருண்டைகளிலும் உருளைக்கிழங்கு அடையிலும் முட்டை உண்டு. பிரெட்சலும் ஆப்பிள் ஸ்ட்ரூடலும் பெரும்பாலும் பிழையில்லாதவை. ஆனாலும் கேட்டுக்கொள்வது நல்லது. 'இறைச்சி போடாமல்' என்று மட்டும் கேட்காமல், 'எதில் வதக்கினீர்கள்' என்று கேளுங்கள். மதியத்துக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவதில் எந்த வெட்கமும் வேண்டாம். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். சாப்பிட உட்கார மார்க்ட்பிளாட்ஸ் மரநிழலே போதும். மே நடுவில் போனால் சாலையோரப் பீச் பழக் கடைகள் தொடங்கியிருக்கும்; ஜூலை வரை பருவம். பீச் மரம் பூப்பதற்குக் குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குறிப்பிட்ட மணி நேரம் குளிர் பட்டாக வேண்டும். பட்ட பின் மார்ச்சில் உறைபனி விழாமலும் இருக்க வேண்டும். ஆகவே விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கடையில் வாங்கும்போது உள்ளூர்ப் பழமா என்று கேட்டே வாங்குங்கள்.

ஒயின் தோட்டங்களைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் வழி நெடுக அவற்றின் பலகைகளைப் பார்ப்பீர்கள். அவை ஜெர்மானிய மரபின் தொடர்ச்சி என்று நினைத்துவிட வேண்டாம். தொடக்கக்காலக் குடியேறிகள் காட்டுத் திராட்சையில் ஒயின் காய்ச்சியது உண்மைதான், ஆனால் இன்றைய தொழில் சில பத்தாண்டுகளுக்குள் வளர்ந்தது. டெக்சாஸ் திராட்சையில் பெரும்பகுதி இங்கே விளைவதும் இல்லை. வடமேற்கே லபக் நகரை ஒட்டிய உயர்சமவெளியிலிருந்து வருகிறது. அதேபோல், இரண்டாம் உலகப்போரின் அமெரிக்கக் கடற்படைத் தளபதி செஸ்டர் நிமிட்ஸ் 1885-ல் பிறந்த ஊர் இது என்பதால் பசிபிக் போருக்கான தேசிய அருங்காட்சியகம் இங்கே இருக்கிறது. மிகச் சிறந்தது, மிகப் பெரியது. முறையாகப் பார்க்க அரை நாளாவது தேவை. போர் வரலாற்றில் அப்பாவுக்கு ஈடுபாடு இல்லையென்றால், 1976-ல் ஜப்பான் பரிசாக அளித்த அமைதித் தோட்டத்தில் மட்டும் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

இனி நாட்டுப்புறம். ஹூஸ்டனிலிருந்து 290-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஆஸ்டின் வழியாக அதே சாலை ஃப்ரெடரிக்ஸ்பர்க்குக்குள் நுழைந்து மெயின் ஸ்ட்ரீட்டாகவே மாறிவிடும். ஓய்வு சேர்க்காமல் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஊருக்கு 14 மைல் முன்னால் ஸ்டோன்வால் வரும். முன்னாள் அதிபர் லிண்டன் ஜான்சனின் பண்ணை அங்கே தேசியப் பூங்காவாக இருக்கிறது. 1963 டிசம்பரில், பதவியேற்ற சில வாரங்களில், மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் எர்ஹார்டை அவர் இந்தப் பண்ணைக்குத்தான் வரவழைத்தார். அதற்கு எதிரே உள்ள மாநிலப் பூங்காவில் சவுர்-பெக்மன் பண்ணை இருக்கிறது. அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. 1918 வாக்கில் ஒரு ஜெர்மானிய விவசாயக் குடும்பம் எப்படி வாழ்ந்ததோ அப்படியே அன்றைய உடையில் பணியாளர்கள் வாழ்ந்து காட்டுகிறார்கள்: பால் கறக்கிறார்கள், வெண்ணெய் கடைகிறார்கள், விறகடுப்பில் சமைக்கிறார்கள், கொழுப்பும் காரமும் சேர்த்துச் சோப்பு காய்ச்சுகிறார்கள். யாரும் வசனம் ஒப்பிப்பதில்லை. கேட்டால் வேலையை நிறுத்தாமலே பதில் சொல்வார்கள். இந்தக் குடும்பத்தில் பிறந்த பெண் ஒருவர்தான் ஜான்சன் பிறந்தபோது மருத்துவச்சியாக இருந்தவர். உங்கள் பெற்றோர் கிராமத்தில் வளர்ந்தவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்தப் பயணத்தின் சிறந்த ஒரு மணி நேரம் இதுதான். மத்தால் தயிர் கடைந்த கைக்கு அந்த வெண்ணெய்ச் செம்பு எதற்கென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. புகைபோட்ட இறைச்சி தொங்கும் கொட்டகையும் அங்கே உண்டு என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

என்சான்டட் ராக் ஊரிலிருந்து வடக்கே 17 மைல். நூறு கோடி ஆண்டு பழமையான இளஞ்சிவப்புக் கருங்கல் குவிமாடம். தரைமட்டத்திலிருந்து 425 அடி உயரம். உச்சிக்குப் போகும் பாதை ஒரு வழி ஒரு மைலுக்கும் குறைவுதான். ஆனால் படிகளோ கைப்பிடியோ பெரும்பகுதியில் இல்லை, வெறும் சரிவான பாறை. முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதே சோதனை என்பதை மலைக்கோயில் போய்வந்தவர்கள் அறிவார்கள். நான் மருத்துவன் அல்லன். உங்கள் அப்பா சமதளத்தில் ஒரு மைல் வலியின்றி நடப்பவராக இருந்தால் பாதி தூரம் ஏறிப் பார்க்கலாம், இல்லையென்றால் அடிவாரப் பாதையிலிருந்தே முழுப் பாறையும் தெரியும், அதுவே போதுமான காட்சி என்பதுதான் என் கருத்து. மழை பெய்திருந்தால் யாருமே ஏற வேண்டாம். காலையில் முதல் ஆளாகப் போங்கள். மே மாதத்தில் பத்து மணிக்கு மேல் பாறை சூடேறிவிடும். இடம் நிரம்பியதும் வாயிலை மூடிவிடுவார்கள் என்பதால் முன்பதிவு கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலே குழிகளில் தேங்கிய நீரில் காலை வைக்கக் கூடாது. வற்றிய குழியிலும் அடுத்த மழைக்காகக் காத்திருக்கும் நுண்ணிய இறால் வகையின் முட்டைகள் இருக்கும். இரவில் பாறை முனகும் என்று பழங்குடியினரிடையே நம்பிக்கை இருந்தது. பகலில் சூடேறிய கல் குளிர்ந்து சுருங்கும் ஓசை அது என்பது வழக்கமாகத் தரப்படும் விளக்கம்.

நீலப்பூக்களைப் பார்க்க ஆசை என்றும் எழுதியிருந்தீர்கள். புளூபானெட் மார்ச் இறுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரைதான் உச்சத்தில் இருக்கும். மே மாதத்தில் அது விதையாகியிருக்கும். அதன் இடத்தில் சிவப்பும் மஞ்சளுமான வேறு காட்டுப்பூக்கள் நிற்கும், அவையும் அழகுதான். ஊருக்கு வடகிழக்கே வில்லோ சிட்டி லூப் என்ற 13 மைல் வளைவுச் சாலையில் மெதுவாக ஓட்டிச் செல்லுங்கள். இருபுறமும் தனியார் நிலம். வேலி தாண்டிப் படம் எடுக்க இறங்க வேண்டாம். புளூபானெட்டைப் பறிப்பது சட்டப்படி குற்றம் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படித் தனிச் சட்டம் இல்லை, ஆனால் அடுத்தவர் நிலத்தில் அத்துமீறி நுழைவது குற்றம்தான். அந்திக்குப் பிறகு கிராமச் சாலைகளில் மான்கள் திடீரென்று குறுக்கே வரும், வேகத்தைக் குறையுங்கள். அதைவிட முக்கியமானது, மே மாதம் மழை மாதம். இந்தப் பகுதியில் பாறைமேல் மண் மெல்லியது. மழைநீர் உறிஞ்சப்படாமல் ஓடைகளில் நிமிடக்கணக்கில் பாய்ந்து வரும். 2025 ஜூலை 4 அன்று பக்கத்துக் கெர் மாவட்டத்தில் குவாடலூப் ஆற்று வெள்ளம் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. சாலையில் தண்ணீர் ஓடினால், அது முழங்கால் அளவுதான் என்று தோன்றினாலும், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஒரு நாள் போதாது. ஓர் இரவு தங்கி இரண்டு நாள் வையுங்கள், வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது. முதல் நாள் வரும் வழியிலேயே ஸ்டோன்வால் பண்ணை, பிற்பகல் பயனியர் மியூசியம், வெயில் தாழ்ந்ததும் பக்கத்துத் தெருக்களில் ஒரு நடை. அம்மா அப்பாவுக்குத் தெம்பு இருந்தால் அன்று மாலையே தென்கிழக்கில் உள்ள ஓல்ட் டனல் பூங்காவுக்குப் போகலாம். 1942-ல் ரயில் நின்றுபோன சுரங்கப்பாதையில் இப்போது வௌவால்கள் குடியிருக்கின்றன. கோடையில் 30 லட்சம் வரை சேரும் அவை, மே முதல் அக்டோபர் வரை பொழுது சாயும் வேளையில் சுழன்று சுழன்று புகைபோல வெளியே வரும். இரண்டாம் நாள் காலை பாறை. திரும்பும்போது வந்த வழியே போகாமல், தெற்கே சுமார் 23 மைலில் உள்ள கம்ஃபர்ட் என்ற இன்னொரு ஜெர்மானியச் சிற்றூர் வழியாக 10-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறி, சான் அன்டோனியோ வழியாக ஹூஸ்டன் போய்விடலாம்.

கம்ஃபர்ட்டில் பத்து நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். அங்கே ஹை ஸ்ட்ரீட்டில் சுண்ணாம்புக் கல்லால் ஆன தூண் ஒன்று நிற்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் டெக்சாஸ், ஒன்றியத்திலிருந்து பிரிந்துபோன மாநிலங்களின் பக்கம் போனபோது, இப்பகுதி ஜெர்மானியரில் பெரும்பாலோர் அதை எதிர்த்தார்கள். மெக்சிகோவை நோக்கித் தப்பிச் சென்ற ஒரு குழுவை 1862 ஆகஸ்ட் 10 அன்று நியூசஸ் ஆற்றருகே பிரிவினைப் படை தாக்கியது. காயமடைந்து பிடிபட்டவர்களையும் விட்டுவைக்கவில்லை. உடல்கள் அங்கேயே கிடந்தன. போர் முடிந்த பிறகுதான் உறவினர்கள் போய் எலும்புகளைத் திரட்டிக் கொண்டுவந்து இங்கே அடக்கம் செய்து, 1866-ல் இந்தத் தூணை எழுப்பினார்கள். இறந்தவர்களின் பெயர்களும், 'ஒன்றியத்துக்கு விசுவாசம்' என்று பொருள்படும் வாசகமும் அதில் ஜெர்மன் மொழியிலேயே வெட்டப்பட்டுள்ளன. கடைத்தெருவில் ஜெர்மனி எங்கே என்று தேடியவர்களை நான் கடைசியாக அழைத்துப்போய் நிறுத்துவது இந்தத் தூணின் முன்னால்தான்.